எமில் சபோல் வாசிக்கும் புதன்கிழமை

எமில் சபோல் பின்பக்கமாகத்தான் படியிறங்குவார். முகம் படிகளைப் பார்த்திருக்கும், முதுகு கூடத்தைப் பார்த்திருக்கும். வலது கை இரும்புக் கம்பியைப் பிடித்திருக்கும். இடது கையில் நசுங்கிய தகரச் சாப்பாட்டு வாளி. கோயிலின் அடித்தளக் கூடத்துக்கு மொத்தம் பதினான்கு படி. எஃகு ஆலையில் பத்தொன்பது வருஷம் கிரேன் ஏணியில் ஏறி இறங்கிய கால்களுக்கு, படி என்றாலும் ஏணி என்றாலும் ஒன்றுதான்.

"முன்னப் பாத்து ஏணி இறங்கினவன் எவனும் பென்ஷன் வாங்கினதில்ல" என்பார், யாராவது சிரித்தால்.

கடைசிப் படியில் காலை ஊன்றித் திரும்பிய பிறகுதான் கூடம் அவர் கண்ணில் படும். மாவு தூவிய வெள்ளை விரிப்பு போட்ட நீள மேசைகள், அவற்றின் இருபுறமும் முடி விழாமலிருக்கத் தலைவலை கட்டிய பெண்கள், சுவரோரம் ஆவி விடும் பெரிய பானை.

"இயேசு கிறிஸ்துவுக்கே மகிமை" என்பார்.

"என்றென்றும் மகிமை" என்று இருபது குரல் கேட்கும். தலை ஒன்றும் நிமிராது. விரல்கள் நிற்காது.

உடனே டோலோரஸ் ஒரு தலைவலையை நீட்டுவாள். டோலோரஸ் இந்தச் சமையற்கூடத்தின் தலைவி. எமிலின் அண்ணன் மனைவி. எமிலுக்கு எழுபத்து நாலு வயது. தலையில் ஒரு முடி கிடையாது.

"முடியில்லாத மண்டைக்கு எதுக்கு அண்ணி வலை?"

"புருவம் இருக்குல்ல. அது எப்ப எதுல விழும்னு யாருக்குத் தெரியும்? போடு."

போட்டுக்கொள்வார். வலைக்கும் காதுக்கும் நடுவே தட்டையான சிவப்புத் தச்சர் பென்சிலைச் செருகிக்கொள்வார். வாளியைத் திறப்பார். அதில் ரொட்டி இருக்காது. முன்பு வெந்நீர்க் குடுவை நின்ற இடத்தில் சுருட்டிய தாள்கள் இருக்கும். 'சாப்பாட்டு வாளி' என்ற காலாண்டு இதழுக்கு வந்த கதைகளும் கவிதைகளும் அவை. அந்த இதழுக்கு எமில்தான் ஆசிரியர். தட்டச்சு செய்பவர், படியெடுப்பவர், கம்பி குத்துபவர், தபாலில் சேர்ப்பவர் எல்லாரும் அவரே.

தவக்காலம் முழுக்க இந்தப் பங்கு மக்கள் புதன்கிழமை பிரோஹி செய்வார்கள், வெள்ளிக்கிழமை விற்பார்கள். மாவை வட்டமாக வெட்டி, நடுவில் மசித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து, அரைவட்டமாக மடித்து, விளிம்பைக் கிள்ளிக்கொண்டே வந்து மூட வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் கிள்ளியதில் ஒரு நகக்கண் அளவு இடம் விட்டுப்போனாலும் கொதிநீரில் வாய் பிளந்து, உள்ளிருப்பதெல்லாம் வெளியே வந்து, பானைத் தண்ணீர் கஞ்சியாகிவிடும்.

எமிலின் இடது கட்டைவிரலை ஒரு சங்கிலி எப்போதோ நசுக்கிவிட்டது. அது தன் போக்கில் வேறு திசை பார்த்து நிற்கும். ஆலை மூடிய பிறகு வேலை தேடி அலைந்த நாளில், சும்மா இருக்கப் பிடிக்காமல் அவரும் ஒரு புதன்கிழமை கிள்ள வந்தார். அவர் கிள்ளிய மூன்று டஜனும் பானையில் விரிந்தன.

"குடை மாதிரி விரியுதே" என்றாள் டோலோரஸ். "எமில், நீ கையை வச்சது போதும். வாயை வச்சு ஏதாவது செய். பேப்பர் இருந்தா வாசி."

அப்படித்தான் எமில் வாசிக்கத் தொடங்கினார். முதலில் செய்தித்தாளை வாசித்தார். சாவு அறிவிப்புகளை வாசித்தபோது வேலை கெட்டது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்ததுதான் காரணம். பிறகு, பேருந்து ஓட்டும் ஒருவர் தன் பயணிகளைப் பற்றி எழுதியிருந்த நாலு பக்கத்தை வாசித்தார். அன்று பானையில் இருபத்தாறு பிரோஹி வெடித்தன. டோலோரஸ் கரண்டியால் வழித்துக்கொண்டே திட்டினாள். எமில் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நல்ல எழுத்தை நிறுக்க ஒரு எடைக்கல் கிடைத்துவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. கேட்பவர்கள் கிள்ள மறந்துபோனால் அது எழுத்து. மறக்கவில்லையென்றால் அது வெறும் தாள்.

இருபத்தைந்து வருஷமாக 'சாப்பாட்டு வாளி' அந்த எடைக்கல்லை வைத்துத்தான் நடக்கிறது. தவக்காலத்தில் நிறுத்துப் பார்த்ததை வருஷம் முழுக்க அச்சிடுவார். எட்டு வெடித்தால் இதழில் இடம் உண்டு. பதினைந்து வெடித்தால் முதல் பக்கம். ஒன்றும் வெடிக்காவிட்டால் எழுதியவருக்கு எமில் கைப்பட ஒரு கடிதம் போடுவார்: "உங்கள் கதையைக் கேட்டு இருபது பேர் மிக ஒழுங்காக வேலை செய்தார்கள். வேறொன்று அனுப்புங்கள்."

ஒருமுறை நகரத்துக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் சூரியனைப் பற்றிப் பதினொரு பக்கக் கவிதை அனுப்பியிருந்தார். எமில் முழுவதையும் வாசித்தார். நடுவில் நிறுத்துவது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. ஒன்றுகூட வெடிக்கவில்லை. அதோடு, வழக்கத்தைவிட நாற்பது டஜன் கூடுதலாகவும் ஆகியிருந்தது.

"அந்த வாத்தியாரை வாராவாரம் எழுதச் சொல்லு" என்றாள் டோலோரஸ். "பரிசுத்த வாரத்துக்கு முன்னால நமக்கு இன்னும் நானூறு டஜன் வேணும்."

வெடித்த பிரோஹிகளை விற்க முடியாது. அவற்றை வெண்ணெயிலும் வெங்காயத்திலும் புரட்டி, கிள்ளியவர்களே மத்தியானம் சாப்பிட்டுவிடுவார்கள். ஆகவே நல்ல கதை வந்தால் நல்ல சாப்பாடு. இதில் ஒரு கள்ளத்தனமும் நடந்தது. பெர்னி யூரிக் என்பவளின் தங்கை மகன் கவிதை எழுதுகிறவன். அவன் கவிதை வாசிக்கப்பட்ட அன்று பானையில் பத்தொன்பது வெடித்தன. எல்லாம் பெர்னியின் தட்டிலிருந்து வந்தவை.

எமில் அவள் தட்டில் மிஞ்சியிருந்ததில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பெர்னி, இது மறந்துபோன ஓட்டை இல்ல. செஞ்சு வச்ச ஓட்டை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மறந்தா, கட்டைவிரல் தடம் வந்துகிட்டே இருக்கும், ஒரு எடத்துல நின்னுபோயிடும். அங்கதான் ஆள் கதைக்குள்ள போயிட்டான்னு அர்த்தம். உன்னுது ரெண்டு பக்கமும் அழகா கிள்ளி, நடுவுல சன்னல் விட்டிருக்கு."

பெர்னி சிவந்துபோய்ச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொன்னாளாம். பிரோஹியில் ஓட்டை விட்டது எந்தக் கட்டளைக்கு எதிரான பாவம் என்று பங்குத்தந்தைக்கே சற்று நேரம் பிடிபடவில்லை என்று கேள்வி.

ஆசிரியராக எமில் சிறப்பாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. யார் கதையானாலும் கடைசிப் பத்தியை வெட்டிவிடுவார். சிவப்புப் பென்சிலை நாக்கில் தொட்டு, மேலிருந்து கீழாக ஒரே கோடு. எழுதியவர் அழுதாலும் சரி, வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாலும் சரி.

"நம்ம ஊர்ல விருந்தாளி 'சரி, கெளம்பறேன்'னு சொன்னப்புறம் முக்கா மணி நேரம் வாசல்ல நின்னு பேசுவான்ல? கால் குளிரும், காபி ஆறும், சொன்னதையே சொல்லுவான். எல்லாரும் கதையில கடைசியா எழுதறது அதைத்தான். அவன் வீட்டுக்குப் போகட்டும். நாம கதவைச் சாத்துவோம்."

இந்த விதிக்கு அவர் விலக்குக் கொடுத்ததில்லை. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், இறந்துபோன தன் தாயைப் பற்றி எழுதி அனுப்பினாள். அதன் கடைசிப் பத்தியையும் வெட்டினார். அன்றிரவு தூக்கம் வராமல் ஜெபமாலை சொன்னார். காலையில் எழுந்து மறுபடி வாசித்துப் பார்த்தார். வெட்டியது சரியென்றே பட்டது.

வாசிக்கும்போது மேசையிலிருந்து வரும் விமரிசனமும் சைகையில்தான் வரும். கிரேன் சைகைகளை எமிலே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கட்டைவிரலை மேலே காட்டினால் தூக்கு, அதாவது குரலை உயர்த்து. கீழே காட்டினால் இறக்கு. ஒற்றை விரலைச் சுழற்றினால் சீக்கிரம் நகர்த்து. முஷ்டியை மடக்கி உயர்த்தினால் நிறுத்து. மாவு அப்பிய இருபது கைகள் இப்படி ஆடும்போது, பார்க்க ஏதோ வழிபாடு போலத் தோன்றும். ஒல்கா திமோவுக்கு ஒரு சைகை பிடிபடவே இல்லை. அவள் கட்டைவிரல் எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்கும்.

"அதுக்கு என்ன அர்த்தம் ஒல்கா?"

"எனக்குக் காது சரியாக் கேக்கலைன்னு அர்த்தம்."

எமிலின் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். எமில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பதினெட்டு வயதில் ஆற்றங்கரை ஆலையில் சேர்ந்தார். மறுவருஷமே கிரேன் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். எழுபது அடி உயரத்தில் தனியாக இருக்கும் மனிதனுக்குக் கீழே நடப்பதெல்லாம் தெரியும், ஒன்றும் கேட்காது. அங்கேதான் எழுதத் தொடங்கினார். சுமைச் சீட்டுகளின் பின்பக்கம், கையுறை போட்ட கையால், ஒரு சுமைக்கும் அடுத்த சுமைக்கும் நடுவில் ஒரு வரி. அதனால்தான் இன்றைக்கும் அவர் எழுதும் வாக்கியம் கையகலத்துக்கு மேல் நீளாது. தொழிற்சங்கத் தாளில் சில துணுக்குகள் வந்தன. ஆலை மூடிய பிறகு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. பிள்ளைகள் போன பின் வகுப்பறைத் தட்டச்சுப் பொறியில் உட்கார்ந்துகொள்வார். அவரிடம் வெட்டு வாங்கியவர்களில் இரண்டு பேர் புத்தகம் போட்டிருக்கிறார்கள். இரண்டு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் எமில் பெயர் நன்றியோடு இருக்கிறது. இரண்டிலும் கடைசிப் பத்தி இருக்கிறது. அதை மட்டும் அவர் மன்னிக்கவில்லை.

தன் பெயரில் அவர் பெரிதாக வெளியிட்டது ஒரே ஒரு கதைதான். அது ஆலை மூடிய மறுவருஷம் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வந்தது. படத்தோடு வந்தது. ஊரே வாங்கியது. அந்தக் கதையால்தான் அவருடைய அண்ணன் வாசில் முப்பத்தைந்து வருஷமாக அவரோடு பேசுவதில்லை.

வாசில் ஆலையில் எமிலின் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவர். பத்தொன்பது வருஷம் தம்பி மேலே, அண்ணன் கீழே. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அண்ணன் கை சொல்லும், தம்பி கை கேட்கும். பத்து டன் இரும்பை வாசில் தலைக்கு மேலே எமில் கொண்டுபோவார். வாசில் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

கடைசி ஷிப்ட் முடிந்த அன்று, ஆலையின் குளியலறைப் பலகையில் உட்கார்ந்து, துண்டில் முகம் புதைத்து, கிரேனுக்குச் சைகை காட்டும் அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுததாக எமில் அந்தக் கதையில் எழுதியிருந்தார். பெயரை மாற்றியிருந்தார். அந்த ஆலையில் தம்பி ஓட்டும் கிரேனுக்குச் சைகை காட்டும் அண்ணன் ஒருவர்தான் இருந்தார் என்பதால், மாற்றிய பெயரால் ஒரு பயனும் இல்லை.

ஊர்க்காரர்கள் வாசிலுக்குத் 'துண்டு' என்று பெயர் வைத்தார்கள். மதுக்கடையில் அவர் உட்கார்ந்தால் யாராவது ஒரு துண்டைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். வாசில் அதை எடுத்து மேசையைத் துடைத்துவிட்டு, மடித்து வைப்பார். இல்லை என்றும் சொன்னதில்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை.

"என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல" என்பாள் டோலோரஸ். "நாப்பத்தொம்பது வருஷக் குடித்தனத்துல அந்த மனுஷன் அழுது நான் பாத்ததில்ல. எங்கம்மா செத்தப்பகூட எந்திரிச்சு வெங்காயம் உரிக்கப் போயிட்டாரு."

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு மாலை மன்னிப்பு வழிபாடு. பங்கு மக்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, அந்த வரிசை தன்மேலேயே மடிந்து வர, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவர் முன்னும் குனிந்து "என்னை மன்னிச்சிடுங்க" என்பார்கள். எதிரில் நிற்பவர் "கடவுள் மன்னிப்பார்" என்பார். யாரும் யாரையும் தாண்டிப் போக முடியாதபடி அமைந்த வரிசை அது. ஆனால் வாசில் தாண்டிவிடுவார். எமிலுக்கு முன் இன்னும் நாலு பேர் இருக்கும்போது அவருக்குக் கோயில் கொதிகலன் ஞாபகம் வந்துவிடும். "பிரஷர் பாத்துட்டு வரேன்" என்று கீழே இறங்கிப் போவார். முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கொதிகலனுக்கு அதே ஞாயிறு, அதே நேரத்தில்தான் கோளாறு. எமில் தன் முறை வரும்போது அந்த வெற்றிடத்துக்கு முன்னாலும் குனிந்துவிட்டு நகர்வார்.

டோலோரஸ் கெட்டிக்காரி. உருளைக்கிழங்கு உரிக்கும் வேலையைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்து, அதில் வாசிலைப் போட்டாள். வாசிப்பு புதன்கிழமை. அண்ணன் உரித்ததைத் தம்பி தின்பார். இருவரும் ஒரே கூடத்தில், ஒரு நாள் தள்ளி இருந்தார்கள்.

இந்த வருஷம் 'சாப்பாட்டு வாளி'க்கு நூறாவது இதழ். தவக்காலத்தின் முதல் புதனிலேயே மேசை கூடித் தீர்மானம் போட்டுவிட்டது.

"நூறாவதுல உன் கதைதான் வரணும்" என்றாள் பெர்னி.

"ஆசிரியர் தன் கதையைத் தானே போட்டுக்கக் கூடாது."

"நீயா போடப்போற? நாங்கல்ல போடறோம். நீ வாசி, வெடிக்குதா பாப்போம்."

"ஒண்ணும் வெடிக்கலைன்னா?"

"உனக்கே ஒரு லெட்டர் எழுதிக்கோ" என்றாள் டோலோரஸ்.

எமில் மூன்று வாரம் எழுதினார். கோயிலின் ஞாயிறு அறிவிப்புத் தாள்களின் பின்பக்கத்தில், சமையலறை மேசையில், பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு எழுதினார். அந்தப் பழைய கதையில் ஒரு பொய் இருந்தது. அதை இரண்டு பேர் மட்டுமே அறிவார்கள். அந்த இருவரில் ஒருவர் வாய் திறக்கமாட்டார் என்பதும் முப்பத்தைந்து வருஷத்தில் தெரிந்துவிட்டது. மீதி இருப்பது தான்தான் என்று எமிலுக்குத் தோன்றியது. அச்சில் வந்துவிட்டால் எப்படியும் அண்ணன் கண்ணில் படும். அதற்கும் அவர் பேசாவிட்டால், இனி எழுதிப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

நாலாவது புதன்கிழமை எமில் வழக்கம்போல் பின்பக்கமாக இறங்கினார். பதினான்காம் படியில் காலை ஊன்றித் திரும்பினார்.

மேசையின் கோடியில், கொதிகலன் அறைக் கதவை ஒட்டிய நாற்காலியில், தலைவலை கட்டிக்கொண்டு வாசில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. அகன்ற முதுகு. முன்னால் ஒரு தட்டு. குனிந்த தலை நிமிராமல் கிள்ளிக்கொண்டிருந்தார்.

எமில் "இயேசு கிறிஸ்துவுக்கே" வரை சொன்னார். மகிமை வரவில்லை.

"என்றென்றும் மகிமை" என்று டோலோரஸ் மட்டும் முடித்து வைத்தாள். பிறகு யாரும் கேட்காமலே, "மாவு ஜாஸ்தி பெசைஞ்சுட்டேன். கை பத்தல. இவரும் வீட்டுல சும்மாதான் இருந்தாரு" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு பிடி மாவு கூடக்குறையப் பிசைந்தவளில்லை அவள்.

எமில் வாளியைத் திறந்தார். கை தன் கதைச் சுருளைத் தொடாமல் பக்கத்துத் தாளுக்குப் போனது. "இன்னிக்கு அந்த பஸ் டிரைவர் புதுசா ஒண்ணு அனுப்பியிருக்காரு. பனியில வண்டி சறுக்கினது. நல்லாருக்கு."

"பஸ் நிக்கட்டும்" என்றாள் பெர்னி.

ஒல்கா கட்டைவிரலை உயர்த்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அது நேராக மேலே நின்றது.

எமில் வாசித்தார்.

"கடைசி ஷிப்ட் அன்று நான் ஏணியில் இறங்கினேன். கீழே என் அண்ணன் நின்றான். அன்று அவன் கையில் சைகை இல்லை. தூக்க ஒன்றும் இல்லை, இறக்கவும் இல்லை. என்னைத்தான் இறக்க வேண்டியிருந்தது."

கோடியில் விரல்கள் ஒரே சீராக நகர்ந்தன. கிள்ளு, கிள்ளு, கிள்ளு, தட்டில் வை. எமிலுக்கு அந்த ஓசையே இல்லாத ஓசை கேட்டது.

"குளியலறைக்குப் போனோம். மாற்றுத் துணி வைத்த எங்கள் கூடைகள் உயரே சங்கிலியில் தொங்கின. மற்றவர்கள் தங்கள் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் சங்கிலியை அவிழ்க்க முடியவில்லை. பலகையில் உட்கார்ந்தேன். அழுதேன். நான்தான் அழுதேன்."

பெர்னியின் கை நின்றது. டோலோரஸ் பானைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் அண்ணன் தன் துண்டை என் முகத்தில் போட்டான். எனக்கு முன்னால் வந்து நின்றான். அவன் முதுகு பெரிது. அதற்குப் பின்னால் நான் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. யாரோ கேட்டதற்கு, 'சோப்பு கண்ணில் பட்டுவிட்டது' என்றான். நான் முடிக்கும்வரை நின்றான். பிறகு என் கூடையையும் அவனே இறக்கினான். மறுவருஷம் இதை எழுத உட்கார்ந்தேன். கதை கண்ணீர் கேட்டது. என் முகத்தில் வைத்து எழுத வெட்கமாக இருந்தது. எடுத்து அவன் முகத்தில் வைத்துவிட்டேன். ஊர் அவனுக்கு ஒரு பெயர் வைத்தது. அந்தப் பெயர் என்னுடையது. முப்பத்தைந்து வருஷம் அவன் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தான். இறக்கு என்று ஒருநாளும் எனக்குச் சைகை காட்டவில்லை."

எமில் தாளைத் திருப்பினார். இன்னும் ஒரு பத்தி இருந்தது. அதைத் தானே வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மூன்று வாரமும் ஒவ்வொரு நாள் இரவும் பென்சிலை நாக்கில் தொட்டு, பிறகு காதில் செருகிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ஞாயிறு வெற்றிடத்தின் முன் குனிந்து சொன்ன வார்த்தை அந்தப் பத்தியில்தான் இருந்தது.

"ஆகையால், அண்ணா..." என்று தொடங்கினார்.

கோடியில் ஒரு கை உயர்ந்தது. மாவு அப்பிய பெரிய கை. மடக்கிய முஷ்டி.

பத்தொன்பது வருஷம் அந்த முஷ்டியைப் பார்த்த மாத்திரத்தில் நிறுத்திய பழக்கம். எமிலின் வாய் தானாக நின்றது.

வாசில் எழுந்தார். தலைவலையைக் கழற்றி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. முன்பக்கமாக நடந்து, பதினான்கு படியும் ஏறி, மேலே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"கோவமாப் போறாரே" என்றாள் பெர்னி மெதுவாக.

"அவரு நடையே அப்படித்தான்" என்றாள் டோலோரஸ். ஆனால் அவள் குரலிலும் உறுதி இல்லை.

எமில் தாள்களைச் சுருட்டினார். வாளிக்குள் வைக்கப் பார்த்தார். சுருள் வழக்கமான இடத்துக்குள் போகவில்லை. முஷ்டி என்றால் நிறுத்து. போதும் என்றும் நிறுத்தலாம், பொறுக்கவில்லை என்றும் நிறுத்தலாம். ஆலையில் அதற்கு இரண்டு அர்த்தம் இருந்ததில்லை. சுமை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வந்துவிட்டது, இனி ஒரு அங்குலம் வேண்டாம். அவ்வளவுதான். ஆனால் இது ஆலையில்லை. ஒரு முஷ்டியை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன முடிவுக்கு வருவது?

"சரி, சரி, வேலையப் பாருங்க" என்று டோலோரஸ் கைதட்டினாள். மாவு பறந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாகப் பானைக்கு வந்தன. பெர்னி தட்டில் ஆறு ஓட்டை. ஒல்கா தட்டில் ஒன்பது. காது கேட்காதவளுக்கு ஒன்பது வந்தது எப்படி என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கடைசியில் வாசில் விட்டுப்போன தட்டை டோலோரஸ் எடுத்து வந்தாள். பன்னிரண்டு பிரோஹி. வரிசைக்கு நாலு, மூன்று வரிசை. பதினொன்று அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில், விளிம்பு இறுகி இருந்தன. பன்னிரண்டாவதில் கட்டைவிரல் தடம் ஒரு முனையிலிருந்து சீராக வந்து, வந்து, பாதியில் நின்றிருந்தது. மீதிப் பாதி வாய் திறந்து கிடந்தது.

"இதப் பாரு லட்சணத்த" என்றாள் டோலோரஸ். "பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்காரு." சொல்லிக்கொண்டே அதன் வாயைக் கிள்ளி மூடக் கையை நீட்டினாள்.

எமில் முஷ்டியை மடக்கி உயர்த்தினார்.